தூதனுக்கு அடியெடுத்துக் கொடுத்த மாலை

பழங்காலக் கிரேக்கமும் இலத்தீனும் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் மொன்றியலில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அதை இப்ப ஆர் கதைக்கினம்?" என்பதுதான். ஒருவரும் கதைப்பதில்லை என்று உண்மையைச் சொல்வேன். "அப்ப ஏன் படிப்பிக்கிறீங்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது ஓய்வு பெற்று, நகருக்கு வெளியே கர்க்லாண்டில் வீட்டோடு இருக்கிறேன். இனி அந்தக் கேள்விகள் உங்கள் பாடு.

நீங்கள் நாலைந்து பேர் செப்டம்பரில் எங்கள் துறையில் உதவி ஆசிரியர்களாகச் சேர்கிறீர்கள். எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என் காலத்தில் துறைக் கட்டடத்தின் நடைபாதையில் தமிழ் கதைக்க நான் சுவரைத்தான் தேட வேண்டியிருந்தது. ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் புத்தகத்தை வைத்துத் தொடங்குவது, எதை முதலில் மனப்பாடம் பண்ண வைப்பது என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை உங்கள் முன்னால் வாயடைத்துப் போய் இருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது முதல் வாரத்திலேயே நடக்கும். வாயடைத்துப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.

எங்கள் வகுப்பு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். ஒரு நீள மேசை, அதைச் சுற்றிப் பிள்ளைகள், ஆளுக்கொரு வாக்கியம். முறை வந்தவர் கிரேக்கத்தை உரத்து வாசித்துவிட்டு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பொருள் சொல்ல வேண்டும். தனக்கு எந்த வாக்கியம் விழும் என்று முன்கூட்டியே விரல்விட்டு எண்ணி, அதை மட்டும் ஆயத்தப்படுத்திக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்கள் எல்லா ஆண்டும் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பவர் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விட்டால் அந்தக் கெட்டிக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் சில நாட்களில் இடமிருந்து வலமாகப் போகாமல் வலமிருந்து இடமாகப் போவேன்.

யாராவது நடுவில் சிக்கிக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்வார்? எங்கள் துறை வழக்கப்படி ஒன்றும் செய்ய மாட்டார். எனக்குப் படிப்பித்த பேராசிரியர் பாதிரிமார் நடத்திய பழைய குருமடப் பள்ளியொன்றில் படித்து வந்த கியூபெக்காரர். மாணவன் நின்றுபோனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, மெதுவாகத் துடைக்கத் தொடங்குவார். மேசை முழுக்கத் தலையைக் குனிந்துகொள்ளும். சொல் பிள்ளைக்குள்ளிருந்து வர வேண்டும், வெளியிலிருந்து கொடுத்தது தங்காது என்பது அவருடைய கொள்கை. நல்ல மனிதர். பசியோடு வகுப்புக்கு வரும் மாணவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவார், ஒரு சொல் மட்டும் போட மாட்டார். அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் எங்கள் துறைத்தலைவரானார். கொள்கையோடு அந்தக் கண்ணாடித் துணிப் பழக்கமும் அவரிடம் வந்து சேர்ந்தது.

அந்தத் தலைவரின் காலத்தில்தான் நிவேதா வந்தாள். திருச்சியில் வரலாறு படித்தவள். பழங்காலத்தில் மேற்கிலிருந்து கப்பலில் வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளை அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் பார்த்துவிட்டு, இவற்றை அனுப்பிய ஆட்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறாள். அந்த யோசனை விடாமல், இணையத்தைப் பார்த்துத் தானாகவே கிரேக்கம் படித்து, முதுகலைக்கு எங்களிடம் வந்துவிட்டாள். மாணவர்கள் பேராசிரியர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் அவள் ஒருத்திதான் என்னை "மேடம்" என்பாள். நான் யாழ்ப்பாண வழக்கப்படி "நீர்" என்று கதைத்தால் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். எங்க ஊர்ல நீர்னு ராஜாதான் மந்திரியைச் சொல்வாரு. அதுவும் படத்துல."

"அப்ப நீர் மந்திரியாவே இரும்," என்பேன்.

கிரேக்கத்தில் அவளுக்கு இருந்த பிடிப்பை நான் வேறு எந்த மாணவரிடமும் கண்டதில்லை. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் ஆற்றில் நீந்துகிற மாதிரிப் போவாள். ஆனால் அது நாங்கள் இருவரும் என் அறையில் இருக்கும்போது மட்டும். இலையுதிர் காலத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுக்க அவளை அனுப்பினோம். கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு கையில் இருந்த சுண்ணக்கட்டியோடு வெளியே போய்விட்டாள்.

நூலகத்துப் பின் படிக்கட்டில்தான் அவளைக் கண்டுபிடித்தேன்.

"எல்லாம் தெரியும் மேடம். ஒண்ணு விடாம தெரியும். ஆளுங்க என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா வாய் ஒட்டிக்குது. அவங்க வெயிட் பண்றாங்கன்னு தெரிஞ்சா இன்னும் மோசம்."

அவளுக்கு என்ன போகப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த செப்டம்பரில் முதலாண்டுக் கிரேக்க வகுப்பு ஒன்றை ஒரு மாணவர் நடத்த வேண்டும். அந்த இடம் கிடைத்தால் நிவேதா இங்கேயே முனைவர் பட்டத்துக்கு இருக்கலாம். கிடைக்காவிட்டால் வசந்தத்தோடு மூட்டையைக் கட்டித் திருச்சிக்குப் போக வேண்டியதுதான். அங்கே போனால் அவளோடு கிரேக்கத்தைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் கிடையாது.

துறைத்தலைவர் நியாயமான மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். "அவள் அறிவைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருபது பிள்ளைகளின் முன்னால் நிற்க முடியாதவளிடம் இருபது பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பேன்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். "இந்த முறை நாடகத்தில் அவள்தான் தூதன். சபை நிறைய ஆட்களுக்கு முன்னால் அந்தப் பேச்சைச் சொல்லி முடித்தால் வகுப்பைக் கொடுப்பீர்களா?" என்றேன்.

அவர் சரி என்றார். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், இதை நிவேதாவிடம் நான் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் மாணவர்கள் ஒரு பழைய துன்பியல் நாடகத்தைக் கிரேக்கத்திலேயே போடுவார்கள்; பழக்குவது நான். அந்த நாடகங்களில் கொலையும் சாவும் மேடையில் நடப்பதில்லை. எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்து முடிந்திருக்கும். ஒரு தூதன் ஓடிவந்து அரசியின் முன்னால் நின்று நடந்ததை முழுவதும் சொல்வான். நாடகத்தின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அவன் தடுமாறினால் எல்லாம் தடுமாறிப்போகும். மேசைக்கு இருந்த சட்டம் மேடைக்கும் இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று சொல் கொடுக்க ஆள் வைக்கக் கூடாது. மறந்தவர் தானே மீண்டு வர வேண்டும்.

"என்னைக் கேக்காமலே ஒத்துக்கிட்டீங்களா மேடம்?" என்றாள் நிவேதா.

"ஓம். கேட்டிருந்தால் நீர் மாட்டன் எண்டிருப்பீர்."

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதுதான் கேக்கேல்லை."

அடுத்த நாள் பேச்சின் முதல் பகுதியை மனப்பாடமாக்கிக்கொண்டு வந்தாள்.

ஒத்திகை ஒரு கீழ்த்தள அறையில் நடந்தது. நாடகத்தில் தூதனைத் தவிர, அரசியைச் சுற்றி நிற்கும் ஊர்மக்கள் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் சேர்ந்து பாடி, சேர்ந்து அசைய வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர். மீதிப் பேரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாடு. தாளைக் கையில் கொடுத்தால் ஆளுக்கொரு கிரேக்கம் வந்தது. ஆகவே தாளைப் பறித்துவிட்டு, நான் ஒரு வரியைப் பாடுவேன், அவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள் என்று வைத்தேன். சில வாரங்களில் அது அவர்களுக்குள் ஊறிவிட்டது. நான் தேநீருக்குச் சீனி கேட்டால்கூடத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த முறையை நான் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் கோயிலுக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில் என் அண்ணை நாட்டுக்கூத்துப் பழக்குவார். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு அதுவும் கோயில்தான். கூத்தைப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம். ஆட்டம் நடக்கும்போது அவர் கையில் தாளத்தோடு மேடையிலேயே நிற்பார். நடிக்கிறவர் பாட்டை மறந்தால் எல்லோரும் பார்க்க, எல்லோருக்கும் கேட்க, அடியெடுத்துக் கொடுப்பார். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நடிகர் பாடிய அடியைப் பக்கத்தில் நிற்பவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். அதற்குப் பிற்பாட்டு என்று பெயர். அது கேட்பவர்களின் காதுக்கு இனிமையாக இருப்பதற்காக என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவர அது கொடுக்கிற அவகாசம் எவ்வளவு பெரியது என்று. சின்ன வயதில் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, இறக்கை கட்டிக்கொண்டு நின்ற எனக்கும் தெரியும்.

இதையெல்லாம் அப்போது நான் நிவேதாவோடு சேர்த்து யோசிக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரு முறை, தூதனுக்கு ஒரு முறை என்றுதான் இருந்தேன். அவள் தனியாகச் சுவரைப் பார்த்துப் பேச்சை முழுவதும் சொல்வாள். மூன்று பேர் உட்கார்ந்தால் பாதியில் நிற்பாள், பிறகு தொடர்வாள். அது போகப்போகக் குறைந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

நாடகத்தன்று ஏப்ரல் மாதமாகியும் பனியும் மழையும் கலந்து கொட்டியது. சபை நிறைந்திருந்தது. ஈரமேறிய மேலங்கிகளின் வாடை மேடைவரை வந்தது. முன்வரிசையில் துறைத்தலைவர் இருந்தார். மூன்றாம் வரிசையில் என் அண்ணையும் மச்சாளும். "கிரேக்கம் விளங்காது, ஆனாலும் உன்ர முகத்துக்காக வாறம்," என்று சொல்லி வந்திருந்தார்கள். மேடைப் பக்கம் சூடாக்கி வேலை செய்யவில்லை. நான் பனிச்சப்பாத்தும் தடித்த மேலங்கியுமாக, கையில் நாடகப் பிரதியோடு ஓரத்தில் நின்றேன்.

நிவேதா ஓடிவந்தாள். மூச்சு வாங்குவது நடிப்பா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அரசியின் முன்னால் நின்று தொடங்கினாள். குரல் சபையின் கடைசி வரிசைவரை போனது. கப்பல்கள் புறப்பட்டது, கடல் அமைதியாக இருந்தது, பிறகு காற்று மாறியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது முன்வரிசையில் துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பாவம் மனிதர், வெளிக்குளிரிலிருந்து வந்ததில் கண்ணாடியில் புகாராக ஆவி படிந்திருக்கும். பையிலிருந்து துணியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். நிவேதா அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் வாய் நின்றுபோனது.

சபையில் இருந்த எங்கள் துறை ஆட்கள் எல்லோரும் அந்த மேசையில் பழகியவர்கள். எல்லோரும் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அவளுக்கு எதைக் கண்டால் பயமோ அதையே சபை முழுவதும் சேர்ந்து செய்துகொண்டிருந்தது. அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று தேய்க்கத் தொடங்கின. கரும்பலகைக்கு முன்னால் சுண்ணக்கட்டியோடு நின்ற அதே பிள்ளை. அடுத்தது அவள் திரும்பி நடப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தால் துறைத்தலைவரோடு பேசிய பேச்சு முறிந்துபோகும். திறக்காவிட்டால் அவள் வெளியே போய்விடுவாள், அதற்குப் பிறகு எந்த மேடையிலும் எந்த வகுப்பிலும் ஏற மாட்டாள். இரண்டிலும் அவளுக்கு அந்த இடம் இல்லை. இதை இப்போது எழுதுகிற மாதிரி ஒழுங்காக நான் யோசிக்கவில்லை. இந்தப் பிள்ளையைத் தனியே விட முடியாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

திரைக்குப் பின்னால் நின்று அவளுக்கு மட்டும் கேட்க முணுமுணுத்திருக்கலாம். அது களவு. அண்ணாவியார் களவாக அடி கொடுப்பதில்லை. பனிச்சப்பாத்தோடு, மேலங்கியோடு, வெளிச்சத்துக்குள் நடந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் விட்ட வரியின் முதற்சொற்களை என் குரலில் உரத்துப் பாடினேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் பாடினால் திருப்பிப் பாடுவதற்குப் பழகியிருந்த கூட்டம், பழக்க தோஷத்தில் அந்த வரியைச் சேர்ந்து திருப்பிப் பாடியது. அவர்களுக்கே அது பாதி வழியில்தான் விளங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நிவேதா ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்துவிட்டதை நான் பார்த்தேன். பாட்டு முடிந்த இடத்தில் அவள் வரியைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் நின்றாள். நான் கொடுத்தேன், கூட்டம் திருப்பிப் பாடியது, அவள் தொடர்ந்தாள். கடைசிப் பகுதியில், கடல் எல்லாவற்றையும் விழுங்குகிற இடத்தில், அவள் ஒரு கணம் தயங்கினாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பிறகு முடிவுவரை தனியாகவே சொன்னாள். அழுகை வந்து என் கண்ணை மறைத்ததால் கையிலிருந்த பிரதியால் எனக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பனிச்சப்பாத்துப் போட்ட அந்தப் பாத்திரம் யார் என்று சிலர் கேட்டார்களாம். அண்ணை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன மலர், எங்கட கூத்தையெல்லே இவையளைக் கொண்டு ஆட விட்டிருக்கிறாய்."

"இது கூத்தில்லை அண்ணை. அதைவிடப் பழசு."

"எது பழசோ. ஒரு மத்தளம்தான் குறை. அந்தப் பிள்ளை ஆர்? அவளை எங்கட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வா, நல்ல வேஷம் ஒண்டு குடுக்கலாம்."

துறைத்தலைவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "இதுவரை நாங்கள் போட்ட நாடகங்களில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது," என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். "ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது இதுவல்ல. அவள் தனியாகச் சொல்லி முடிக்கவில்லை."

"வகுப்பில் எந்த ஆசிரியர் தனியாக இருக்கிறார்?" என்று கேட்டேன். "மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கியது நாங்கள்தானே."

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரம் முதலாண்டு வகுப்பொன்றை நிவேதா நடத்தட்டும், தானும் நானும் மேசையில் உட்காருவோம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தோசைக்கடையில் வைத்து இதை நிவேதாவிடம் சொன்னேன். இந்த முறை முதலில் கேட்டேன், உமக்குச் சம்மதமா என்று.

"நீங்க ஓரத்துல நிக்கிறீங்கன்னு தெரிஞ்சதாலதான் மேடம் அன்னிக்கு வந்துச்சு."

"இப்பவும் இருப்பன். வாய்தான் இராது."

அவள் தோசையைப் பிய்த்தாள். "அப்ப ஒண்ணு பண்ணலாமா? க்ளாஸ்ல யாராச்சும் மாட்டிக்கிட்டா முதல் வார்த்தையை நானே சத்தமா குடுத்துடறேன். மத்தவங்க எல்லாரும் திருப்பிச் சொல்லட்டும். அவர் கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டே இருக்கட்டும்."

"உம்மட வகுப்பு. உம்மட இஷ்டம்," என்றேன். அவள் பயத்தை விட்டுவிட்டு வகுப்பைப் பற்றிக் கதைத்தது அன்றுதான் முதல் தடவை.

அந்த வகுப்பு காலையில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. நிவேதா மேசையின் முனையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு ஒரு எளிய கதை, கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் ஒரு வணிகனைப் பற்றியது. இரண்டாவதாக வாசித்த பையன் நின்றுபோனான். மேசை குனியத் தொடங்கியது. நிவேதா முதற்சொல்லை உரத்துச் சொல்லி, கையால் எல்லோருக்கும் சைகை காட்டினாள். அவர்கள் கூச்சத்தோடு திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பையன் தலையை ஆட்டிவிட்டு மேலே வாசித்தான். அரை மணித்தியாலத்தில் கூச்சம் போய்விட்டது. ஒருவர் நின்றால் மற்றவர்கள் சொல்லத் தயாராக இருந்தார்கள். துறைத்தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். நான் என் கைகளை மடியில் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் இரண்டு தடவை நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

வகுப்பு முடியச் சில நிமிடங்கள்தான் இருந்தன. அதோடு விட்டிருந்தாலே அவளுக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "இதெல்லாம் எதுக்குப் படிக்கிறோம்னு கேப்பீங்கல்ல, இதுக்குத்தான்," என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தூதனின் பேச்சைத் தாள் இல்லாமல் தொடங்கினாள். உமக்கு விசரா, பைத்தியமா பிள்ளை என்று மனதுக்குள் கேட்டேன்.

கப்பல்கள் புறப்பட்டன. கடல் அமைதியாக இருந்தது. காற்று மாறியது. பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒருவரும் அசையவில்லை. நாடகத்தன்று நின்ற அதே வரியில் அவள் மறுபடியும் நின்றாள்.

எனக்குத் தெரிந்த வரி. நாக்கு நுனியில் நிற்கிறது. வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு துறைத்தலைவரைப் பார்த்தேன். அவருடைய கை கண்ணாடிக்குப் போனது. கழற்றவும் செய்தார். மற்றக் கை சட்டைப் பைக்குள் துணியைத் தேடிப் போய், அங்கேயே நின்றது.

பிறகு அந்த வரியின் முதற்சொற்கள் கேட்டன. மூக்கால் வருகிற, கியூபெக் வாசனை அடிக்கிற கிரேக்கம். சொன்னவர் அவர்தான். அவர் சொன்னதே தாமதம், ஒரு மணித்தியாலமாகப் பழகியிருந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள்.

நிவேதா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு கடைசிவரை போனாள்.

பிள்ளைகள் வெளியே போன பிறகு அவர் அவளிடம், "செப்டம்பர், காலை வகுப்பு. நான் வந்து உட்கார மாட்டேன்," என்று மட்டும் சொன்னார். அவள் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நடைபாதையில் நான் அவரோடு சேர்ந்து நடந்தேன். ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசைதான். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"கொஞ்சம் பொறுத்திருந்தால் அவளுக்கே வந்திருக்கும்," என்றார் அவராகவே. "எனக்குத்தான் பொறுக்கவில்லை."

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வரி முழுவதையும் கொடுக்காதீர்கள், முதற்சொல்லைக் கொடுங்கள். காதுக்குள் கொடுக்காதீர்கள், எல்லோரும் கேட்கக் கொடுங்கள். பிறகு மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் பயத்தோடு செய்தாலும் பரவாயில்லை.

உங்கள் கால அட்டவணையில் முதலாண்டுக் கிரேக்கத்துக்கு நேரே பேராசிரியர் சுப்பிரமணியன் என்று போட்டிருக்கும். தொப்பை வைத்த ஒரு மனிதரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுப்பிரமணியன் திருச்சியில் இருக்கிற நிவேதாவின் அப்பா. கனடாவுக்கு வந்தால் அப்பாவின் பெயர்தான் முன்னால் வந்து நிற்கும், அது எங்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் நாள் வகுப்பின் கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு அவள் தூதனின் பேச்சைச் சொல்லுவாள். எல்லா ஆண்டும் சொல்லுவாள். காற்று மாறிய பிறகு ஒரு வரியில் இப்போதும் சில வேளை நிற்பாள். அந்த வரியை இப்போதே படித்துக்கொண்டு போங்கள். அவள் நின்றால் மேசையைப் பார்க்க வேண்டாம், உரத்துச் சொல்லுங்கள்.